பவானிக் கரையில் ஒரு பட்டப்படிப்பு வேண்டும்: உயர்கல்வி, வனம், மீன்வளத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

உயர்கல்வித் துறை, வனத்துறை, மீன்வளத் துறை ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கும், கொங்குப் பகுதியில் இயங்கும் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழு, கல்விக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பிக்கும் ஆசிரியன் நான். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்ததும், மேற்கொண்டு என்ன படிக்கலாம் என்று கேட்டுக்கொண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். பெரும்பாலானவர்களுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஒரு கேள்விக்கு மட்டும் பல ஆண்டுகளாகப் பதில் இல்லாததால், அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவியின் தந்தை, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் பரிசலில் சென்று வலை விரிப்பவர். விடியலில் வலையை எடுக்கும்போது கரையில் யானைக்கூட்டம் நின்றால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், நீர்நாய்கள் கிழித்த வலைக்கும் முதலை கிழித்த வலைக்கும் என்ன வேறுபாடு என்பதெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரியும். பாடநூலில் மீனின் செவுளை நான் படமாக வரைந்து காட்டிய நாளில், அடுத்த நாள் காலையில் இலையில் மடித்து மூன்று வகைக் கெண்டைகளை எடுத்துவந்து, அவற்றின் வாயமைப்பு ஏன் வேறு வேறாக இருக்கிறது என்று வகுப்புக்கே விளக்கியவள் அவள். மதிப்பெண்ணும் குறைவில்லை. "மீனையும் காட்டையும் ஒண்ணாச் சேத்திப் படிக்க எந்தக் காலேஜுக்குப் போகணுங்க சார்?" என்றுதான் கேட்டாள். அப்படி ஒரு கல்லூரியை என்னால் சொல்ல முடியவில்லை. இன்று அவள் பேருந்தில் போய்வரும் தூரத்தில் உள்ள ஒரு கல்லூரியில் கணினிப் பயன்பாட்டுடன் கூடிய வணிகவியல் படிக்கிறாள். அந்தப் படிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவளிடம் இருந்த அறிவு இந்த ஆற்றுக்குத் தேவையாக இருந்தது.

கொங்குப் பகுதியில் காட்டைப் படிப்பதற்கான இடங்களுக்குப் பஞ்சமே இல்லை. கோவையில் காஸ் வன அருங்காட்சியகம் 1902-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வனச்சரகர்களுக்குப் பயிற்சி தரும் கல்லூரி 1912-இல் அங்கே தொடங்கியது. வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனமும் அங்கேயே உள்ளது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி மேட்டுப்பாளையத்தில், பவானி ஆறு சமவெளியில் இறங்கும் இடத்தருகே நடக்கிறது. 1990-இல் நிறுவப்பட்ட சாலிம் அலி பறவையியல் மையம் ஆனைகட்டியில் இயங்குகிறது. அது இப்போது டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனத்தின் அங்கம். மலையேறினால் உதகை அரசு கலைக் கல்லூரியில் வன உயிரியல் படிக்கலாம். இத்தனை நிறுவனங்கள் நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் அமைந்திருப்பது இந்தப் பகுதியின் பெரும் பேறு என்றே நான் நினைக்கிறேன்.

மீனைப் படிக்க வேண்டுமானால் கடற்கரைக்குத்தான் போக வேண்டும். 2012-இல் தொடங்கப்பட்ட மீன்வளப் பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்தில் இருக்கிறது. மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டம் தரும் அதன் கல்லூரிகள் தூத்துக்குடி, பொன்னேரி, தலைஞாயிறு ஆகிய ஊர்களில், அதாவது தூத்துக்குடி, திருவள்ளூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் உள்ளன. நீண்ட கடற்கரை உள்ள மாநிலத்தில் அது இயல்பானதுதான். 1977-இல் தூத்துக்குடியில் தொடங்கிய கல்லூரி எத்தனையோ நல்ல வல்லுநர்களைத் தந்திருக்கிறது. என்றாலும் அந்தப் படிப்பின் மையப்பொருள் உற்பத்தி. குஞ்சு பொரிப்பகம், தீவனம், பதப்படுத்தல், ஏற்றுமதி ஆகியவையே அதன் முதுகெலும்பு. ஆற்றில் தானாகப் பிறந்து தானாக வாழும் மீன் அங்கே ஓரப் பாடமாகிறது. வன உயிரியல் படிப்பிலோ புலி, யானை, பறவை, ஊர்வன என்று வரிசை நீண்டு, நீருக்குள் இறங்குவதற்குள் பருவத் தேர்வு வந்துவிடுகிறது.

இந்த இடைவெளியில் என்ன விழுந்துபோகிறது என்பதற்கு நம் ஆற்று மீன் ஒன்றின் வரலாறே போதுமான சான்று. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டும் வாழும், முதுகில் திமில் போன்ற மேடும் செம்மஞ்சள் நிறத் துடுப்புகளும் உடைய மகசீர் என்னும் பெருமீன் உலகத்துத் தூண்டில்காரர்களிடையே ஒன்றரை நூற்றாண்டாகப் புகழ்பெற்றது. 1946-இல் காவிரியின் துணையாறான கபினியில் பிடிபட்ட ஒரு மகசீரின் எடை 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. இவ்வளவு பெரிய, இவ்வளவு பேர் தேடி வந்த மீனுக்கு 2018 வரை உறுதியான அறிவியல் பெயர் இல்லை என்றால் நம்பக் கடினமாக இருக்கும். கேரள மலைகளில் தோன்றி நம் அமராவதியில் வந்து சேரும் பாம்பாற்றில் கிடைத்த ஒரு மகசீர் இனத்துக்கு 2007-இல் இரு ஆய்வாளர்கள் பெயரிட்டிருந்தார்கள். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் மீன்களை ஆராய்ந்த ரெமாதேவி என்ற அறிவியலாளரைச் சிறப்பிக்கும் பெயர் அது. திமில் மகசீரும் அதுவும் ஒன்றே என்பது 2018-இல் வெளியான ஆய்வில்தான் தெளிவானது. அந்த முடிவுக்கு உதவிய மீன்கள் எங்கிருந்து கிடைத்தன தெரியுமா? நீலகிரிக்கும் சத்தியமங்கலம் காட்டுக்கும் இடையே பள்ளத்தாக்கில் ஓடி, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் கலக்கும் மோயாற்றிலிருந்து. அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த மீனை மிக அருகிவிட்ட இனமாகப் பட்டியலிட்டது.

அது அருகியதற்கான காரணங்களுள் ஒன்று, நம் போன்ற ஆசிரியர்கள் மாணவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது. மகசீர் குறைகிறதே என்ற நல்ல எண்ணத்துடன், மகாராட்டிரத்தின் லோனாவாலாவில் பொரிக்கப்பட்ட வேறொரு மகசீர் இனத்தின் குஞ்சுகளை 1970-களிலிருந்து காவிரியில் கொண்டுவந்து விட்டார்கள். நீலத்துடுப்பு மகசீர் என்ற அந்த இனம் புதிய ஆற்றில் செழித்தது. சொந்த ஆற்றின் திமில் மகசீர் ஒதுங்கியது. இரண்டும் மகசீர்தானே என்ற பொதுப்பெயரின் மறைவில், ஓர் இனம் போய் இன்னோர் இனம் வந்து நின்றதைப் பலகாலம் யாரும் கவனிக்கவில்லை. கெட்ட எண்ணத்தால் அழிந்ததைவிட, எந்த மீன் எந்த ஆற்றுக்குரியது என்பதை அறிந்த பத்துப் பேர் வேலையில் இல்லாததால் அழிந்தது இது. எனக்கு இந்த மடலை எழுதும் துணிவைத் தந்ததும் இந்தச் செய்திதான்.

குளங்களிலும் இதே கதை வேறு பெயர்களில் நடக்கிறது. இந்தியாவுக்குள் 1952-இல் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையை இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் நாட்டு மீன் என்றே நினைக்கிறார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு 2000-ஆம் ஆண்டிலேயே தடை வந்துவிட்டது; குட்டைகளில் அது இன்னும் கிடைக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை கங்கைச் சமவெளியின் மீன்கள் என்பதைச் சொன்னால் என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் வியப்பு எழும். விற்பனைக்கு மீன் வளர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. அது பல குடும்பங்களின் சோறு. எந்த நீரில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று சொல்லக்கூடிய பயிற்சி பெற்றவர் ஒருவர் ஒவ்வொரு வட்டத்திலும் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நிர்வாகத்தில் மீன் இரு துறைகளின் நடுவே நிற்கிறது. நீர்த்தேக்கத்தில் உள்ள மீன் மீன்வளத் துறைக்குக் கிலோக் கணக்கு. அதே நீரின் மேற்புறக் கரை 2013-இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் எல்லை. மீனைத் தின்னும் நீர்நாயும் முதலையும் வனத்துறையின் பொறுப்பு. நீர்நாய் தின்னும் மீன் எவருடைய பொறுப்பு என்று கேட்டால் விடை தெளிவாக வராது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைக்குள் முதல் மீனாகத் திமிங்கலச் சுறா நுழைந்ததே 2001-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், மீனை உயிரினமாகப் பார்க்க நமக்கு எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது என்பது புரியும். அமெரிக்காவில் 1940-இலேயே மீன்வளப் பணியகத்தையும் உயிரியல் கணக்கெடுப்புப் பணியகத்தையும் இணைத்து மீன், வன உயிர்ச் சேவைத் துறை என்று ஒன்றாக்கிவிட்டார்கள். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மீன், வன உயிர்ப் பாதுகாப்பு என்ற பெயரிலேயே ஒரு துறை நடக்கிறது. துறைகளை இணைக்குமாறு நான் கேட்கவில்லை. அது என் தகுதிக்கு மீறியது. படிப்பையாவது இணைக்கலாம் அல்லவா?

ஆகவே மீன் மற்றும் வன உயிர்ப் பாதுகாப்பு என்ற நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பை, பவானி ஆற்றுப் படுகையில் உள்ள ஏதேனும் ஓர் அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழக வளாகத்திலோ தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். புதிய கட்டடம் எழுப்பும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்தின் வனவியல் ஆசிரியர்களும், ஆனைகட்டியின் ஆய்வாளர்களும், மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நன்னீர் மீன் வல்லுநர்களும் பருவத்துக்கு ஒரு பாடம் என்று பகிர்ந்துகொண்டாலே முதல் அணி மாணவர்களைச் சேர்த்துவிடலாம்.

களத்துக்கு எங்கும் தேடிப்போக வேண்டாம். நீலகிரியில் தோன்றும் பவானி கேரளத்தின் அட்டப்பாடிக்குள் சென்று மீண்டும் தமிழ்நாட்டுக்குள் வந்து, 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையில் தேங்கி, கொடிவேரியில் வழிந்து, கூடுதுறையில் காவிரியைச் சேர்கிறது. குளிர்ந்த மலையோடை, பாறைக் கசம், நீர்த்தேக்கம், பாசன வாய்க்கால், சமவெளி ஆறு என்று ஐந்து வகை நீர்நிலைகளை ஒரே ஆற்றின் வழியே மாணவர்கள் நடந்து பார்க்கலாம். மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் டே, நீலகிரி மீன்களையும் அதன் அடிவார ஆறுகளின் மீன்களையும் பற்றி 1867-இல் கட்டுரை எழுதினார். அவர் கண்ட இடங்களுக்குத் திரும்பிச் சென்று, எவை இருக்கின்றன, எவை இல்லை என்று பார்ப்பதே ஒரு மாணவரின் இறுதியாண்டு ஆய்வாகலாம். கெட்டுப்போன நீரைப் படிக்க நொய்யல் இருக்கிறது. பாசனத்துக்காக 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியதும், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டதும் நம் கண்முன் நடந்தவை. அந்த ஆற்றில் மீன் எப்போது திரும்புகிறது, எந்த மீன் முதலில் திரும்புகிறது என்பதைத் தொடர்ந்து குறித்துவைக்கும் வேலைக்கு, வாரம் ஒருமுறை போய்வரும் தூரத்தில் ஒரு கல்லூரி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

பாடத்திட்டத்தை வகுக்க வல்லுநர்கள் இருக்கிறார்கள். அதில் நான் நீட்டி முழக்க விரும்பவில்லை. ஆனால் இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்ல வேண்டும். புள்ளியியலை விருப்பப் பாடமாக ஒதுக்கிவிடாதீர்கள். இந்த வலையில் இன்று பத்து மீன் விழுந்தது என்பதிலிருந்து ஆற்றில் எத்தனை மீன் இருக்கிறது என்ற மதிப்பீட்டுக்குச் செல்வது கணக்கின் வழியேதான். செதிலின் வளையங்களை எண்ணி மீனின் வயதை அறிவதும், தானியங்கி கேமராவில் பதிந்த நீர்நாய்களிலிருந்து அவற்றின் எண்ணிக்கையை மதிப்பிடுவதும் அதே கணக்கைச் சார்ந்தவை. மற்றொன்று, ஆற்றோரத்து மக்களை ஆசிரியர்களாக ஏற்றுக்கொள்வது. வலைகாரர்களும், இருளர், ஊராளி, சோளகர் முதலிய மலைவாழ் மக்களும் அறிந்தவை எந்தப் பாடநூலிலும் இல்லை. அவர்களை விருந்தினர் சொற்பொழிவுக்கு ஒருநாள் அழைத்துச் சால்வை போர்த்தி அனுப்பாமல், களப்பயிற்சி ஆசிரியர் என்ற பதவியில் ஊதியத்துடன் அமர்த்த வேண்டும். அப்படி அமர்த்தினால் பாடம் தமிழிலும் நடக்கும். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் முதல் பருவத்திலேயே ஒதுங்கி நிற்க நேராது.

வேலைவாய்ப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடல் முழுமை பெறாது. எங்கள் பகுதிப் பெற்றோர் பிள்ளைகளின் படிப்புக்குத் தோட்டத்தை அடமானம் வைக்கவும் தயங்காதவர்கள். படித்தபின் என்ன என்ற கேள்விக்கு விடை இல்லாமல் மட்டும் சம்மதிக்க மாட்டார்கள், அதைக் குற்றமாகவும் சொல்ல முடியாது. என்னிடம் பயின்று, வெளியூரில் உயிரினப் பாதுகாப்பு சார்ந்த முதுநிலைப் பட்டம் பெற்ற ஒரு மாணவர், எழுத்துத் தேர்வில் வென்றபின் சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பப்பட்டார். அறிவிப்பில் இருந்த பட்டத்தின் பெயரும் அவர் கையில் இருந்த பட்டத்தின் பெயரும் ஒன்றாக இல்லை. இணைத்தன்மை அரசாணை கொண்டுவாருங்கள் என்றார்கள். அந்த ஆணைக்காக அவர் இரண்டு ஆண்டுகள் அலைந்தார், அதற்குள் வயது வரம்பு கடந்துவிட்டது. புதிய படிப்பைத் தொடங்கும் நாளிலேயே, அது விலங்கியலுக்கு இணையானது என்ற அரசாணையும், வனத்துறை, மீன்வளத் துறைப் பணிகளுக்கான தகுதிப் பட்டியலில் அதைச் சேர்க்கும் திருத்தமும் வெளிவர வேண்டும். இந்திய வனப்பணித் தேர்வுக்கான தகுதியில் விலங்கியல், தாவரவியல், வனவியல், வேளாண்மை, பொறியியல் உள்ளிட்ட படிப்புகள் இருக்கின்றன; மீன்வள அறிவியல் இல்லை. ஒன்றிய அரசிடம் இதை எடுத்துச் சொல்லும் பொறுப்பும் உங்களுடையதே.

வேலை இல்லை என்று சொல்வதற்கும் இப்போது இடமில்லை. ஈரோட்டின் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022-இலும், திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2024-இலும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளுக்கான ராம்சார் பட்டியலில் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. அந்தியூர், பர்கூர் மலைகளில் தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயத்துக்கான அறிவிப்பு 2023-இல் வந்தது. அறிவிப்புகள் வந்தபோது எங்கள் பள்ளியில் இனிப்பு வழங்கினோம். அந்தக் குளங்களின் பறவைகள் எதைத் தின்கின்றன, அந்த இரை குறைகிறதா கூடுகிறதா என்று ஆண்டு முழுவதும் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள்களைத்தான் உருவாக்கித் தருமாறு கேட்கிறேன்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தப்படும் நாள்களில், பள்ளங்களில் தேங்கிய நீரில் அகப்படும் மீன்களை மாணவர்கள் பார்த்து, ஊர்ப்பெயர், நீளம், இடம், நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, மீனை மீண்டும் நீருள்ள இடத்தில் விட்டுவிடுவார்கள். தொடக்கத்தில் நான் கேட்டு எழுதியவை, பிறகு அவர்களாகவே எழுதியவை என்று குறிப்பேடுகள் ஓர் அலமாரியை நிறைத்துவிட்டன. வணிகவியல் படிக்கப் போன அந்த மாணவியின் கையெழுத்தில் இரண்டு குறிப்பேடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாக ஒரு பத்தி வரைந்திருக்கிறாள். அதன் தலைப்பு அறிவியல் பெயர். கட்லாவுக்கும் ஜிலேபிக்கும் அது நிரம்பியிருக்கிறது. சிறு மீன்கள் பலவற்றுக்கு அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது. என்னாலும் நிரப்ப முடியவில்லை.

படிப்பைத் தொடங்க நீங்கள் முடிவெடுக்கும் நாளில் அந்தக் குறிப்பேடுகள் அனைத்தையும் துறைக்கு ஒப்படைக்க எங்கள் பள்ளி அணியமாக இருக்கிறது. முதல் கலந்தாய்வுக்கான நாளை அறிவித்தால், அந்த மாணவியின் வீட்டுக்கு நானே நேரில் சென்று சொல்வேன்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.